பாகம் எண், வரிசை எண்

பிப்ரவரி 25, 2024, ஞாயிறு

நாடாளுமன்றத் தேர்தல் முடியும்வரை இதை எழுதி வரலாம் என்றிருக்கிறேன். மேடவாக்கத்தில் எங்கள் தெரு, பக்கத்துத் தெரு என்று பதினோரு பேர் சேர்ந்திருக்கிறோம். கட்சி கிடையாது, யாரிடமும் காசு வாங்கவில்லை. வேலை ஒன்றுதான்: ஓட்டுப் போட வேண்டியவர்கள் போட வேண்டும். ஓய்வுபெற்ற தமிழாசிரியை ஒருவர் முன்னால் நிற்கிறார், எல்லாருக்கும் அவர் டீச்சர். அவர் வீட்டு மொட்டைமாடியில் கூடினோம்.

2022 மாநகராட்சித் தேர்தலில் சென்னையில் பதிவானது 43.59 விழுக்காடு. டீச்சர் அதைத்தான் முதலில் சொன்னார். "சென்னைக்காரன் சோம்பேறின்னு ஊரே திட்டுது. நிஜமாவே சோம்பலா, இல்ல வேற ஏதாவதான்னு வீடு வீடாப் போய்ப் பார்த்துடலாம்." நான் சேர்ந்ததே இந்தப் பேச்சைக் கேட்டுத்தான்.

அப்புறம் விதிகள். கட்சிப் பெயரோ வேட்பாளர் பெயரோ வாயில் வரக்கூடாது. உடுத்தும் சேலையைப் பார்த்து யாருக்கும் ஒரு கொடி ஞாபகம் வரக்கூடாது. வாட்ஸ்அப் ஸ்டேட்டஸுக்கும் இதே விதி. வந்தவர்களில் ஒருவர் கட்சியில் கிளைப் பொறுப்பில் இருப்பவர், நல்ல மனிதர். இரண்டு மாதம் நீங்கள் வேண்டாம் என்று டீச்சர் தயங்கித் தயங்கிச் சொன்னதும், புரிகிறது என்று எழுந்துவிட்டார். போகும்போது நாற்காலிகளை மடித்துச் சுவரோரம் சாத்தி வைத்துவிட்டுத்தான் படியிறங்கினார்.

மார்ச் 3, ஞாயிறு

நாற்பது வீடுகள் உள்ள ஒரு அடுக்ககம். பெரும்பாலும் ஓ.எம்.ஆர். சாலையிலுள்ள கம்பெனிகளில் வேலை பார்க்கும் இளைஞர்கள். "ஓட்டு ஊர்ல இருக்கு மேடம்" என்பதுதான் கதவு திறந்ததும் வரும் பதில். திருநெல்வேலி, கரூர், தேனி, ஒரு வீட்டில் நாகர்கோவில். ஊருக்குப் போய்ப் போடுவீர்களா என்று கேட்டால் பாதிப் பேர் "பார்க்கணும்" என்கிறார்கள். ஊரில் ஓட்டை வைத்துக்கொள்வது அவரவர் விருப்பம், அதைப் பற்றி நான் ஒன்றும் சொல்வதில்லை. தேதி அறிவித்த அன்றே டிக்கெட் எடுத்துவிடுங்கள் என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தேன்.

இன்று கற்றுக்கொண்ட பெரிய விஷயம் வேறு. வாக்காளர் அட்டை கையில் இருந்தால் ஓட்டு இருப்பதாகத்தான் எல்லாரும் நினைக்கிறார்கள். அட்டை வெறும் அடையாளம். பெயர் பட்டியலில் இருந்தால்தான் ஓட்டு. மூன்றாவது மாடியில் ஒரு பெரியவர் லேமினேட் செய்த அட்டையைப் பூஜை அலமாரியிலிருந்து எடுத்து வந்து காட்டினார். மூன்று எழுத்து, ஏழு இலக்கம். செல்போனில் அந்த எண்ணைப் போட்டுத் தேடினால் பெயர் வரவில்லை. ஐந்து வருடம் முன்பு தாம்பரத்திலிருந்து வீடு மாறி வந்தவர். அங்கே சரிபார்க்கப் போனவர்கள் ஆள் இல்லை என்று எழுதியிருக்கக்கூடும், பெயர் போய்விட்டது. "2019-ல போட்டேனேம்மா" என்று அதையே மூன்று தடவை சொன்னார். புதிதாகச் சேர்க்கப் படிவம் 6 அங்கேயே நிரப்பினோம். கையெழுத்துப் போடும்போது அவர் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை. திருடு போன பொருளுக்குப் புகார் எழுதிக் கொடுப்பவர் மாதிரி இருந்தார்.

மார்ச் 10, ஞாயிறு

பெரும்பாக்கம். கூவம், அடையாறு கரைகளிலிருந்தும் நகரத்தின் வேறு இடங்களிலிருந்தும் அகற்றப்பட்ட குடும்பங்களுக்குக் கட்டிய எட்டு மாடி பிளாக்குகள். நாங்கள் போன பிளாக்கில் லிஃப்ட் ஓடவில்லை. மேலிருந்து தொடங்கிக் கீழே இறங்கி வருவது என்று முடிவு செய்து முதலில் ஏறினோம். டீச்சருக்கு முட்டி வலி, நான்காவது மாடியில் படியிலேயே உட்கார்ந்துவிட்டார். அந்தத் தளத்துப் பெண்கள் செம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்து, அவரைச் சுற்றி உட்கார்ந்து, அங்கேயே பெயர் பார்க்க ஆரம்பித்தார்கள். படிக்கட்டே எங்கள் அலுவலகம் ஆகிவிட்டது.

ஒரு அம்மா, அறுபது வயது இருக்கும். சிந்தாதிரிப்பேட்டையில் கூவம் ஓரம் பிறந்து வளர்ந்தவர். பெயர் இன்னும் அங்கேதான் இருக்கிறது. மத்திய சென்னைத் தொகுதி. இங்கே வந்து ஆறு வருடம் ஆகிறது. படிவம் 8 கொடுத்தால் இங்கே மாற்றிக்கொள்ளலாம், பக்கத்துப் பள்ளிக்கூடத்திலேயே ஓட்டுப் போடலாம் என்று விளக்கினேன். அவர் அட்டையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார்.

"யக்கா, இத்த மாத்திட்டா நாங்க அங்க இருந்தோம்னுறதுக்கு வேற இன்னா இருக்கு?"

எனக்குப் பதில் வரவில்லை. வீடு போய்விட்டது, தெரு போய்விட்டது. அந்த முகவரி இன்னும் இருப்பது அந்த ஒரு அட்டையில்தான். அவர் தேர்தலன்று விடியற்காலையில் கிளம்பி, இரண்டு பஸ் மாறிப் போய்ப் போட்டுவிட்டு வருவாராம். பெண்களுக்கு டவுன் பஸ்ஸில் டிக்கெட் இல்லை என்பதால் காசு கவலை இல்லை, நேரம்தான். "போன தபாவும் போனேன், அதுக்கு முந்தியும் போனேன்" என்றார். இவரைச் சோம்பேறி என்று யார் சொல்ல முடியும்?

அதே தளத்தில் எட்டுப் பேரின் பெயர் பழைய இடத்திலும் இல்லை, இங்கேயும் இல்லை.

மார்ச் 17, ஞாயிறு

நேற்று பிற்பகல் தேதி அறிவித்துவிட்டார்கள். தமிழ்நாட்டில் 39 தொகுதிக்கும் ஒரே நாள், ஏப்ரல் 19. வேட்புமனுவுக்குக் கடைசி நாள் மார்ச் 27. பெயர் சேர்க்க இன்றுதான் கடைசி. காலை ஆறு மணியிலிருந்து செல்போன் ஓயவில்லை. பாதிப் பேருக்கு ஓ.டி.பி. வரவில்லை, வந்தவர்களுக்குப் புகைப்படம் ஏறவில்லை.

டெய்லர் கடைக்காரர் மகளுக்குப் போன நவம்பரில் பதினெட்டு முடிந்தது. இரவு ஒன்பதரைக்குக் கடையை மூடிவிட்டு அப்பாவும் மகளுமாக வந்தார்கள். அவளே டைப் அடித்தாள். தமிழில் பெயர் தானாக வந்து விழுந்தபோது எழுத்து தப்பாக இருந்தது. இதை இப்போதே திருத்தாவிட்டால் ஆயுசுக்கும் அலைய வேண்டும் என்று டீச்சர் பக்கத்தில் நின்று ஒற்று, குறில், நெடில் எல்லாம் பார்த்துச் சரி செய்ய வைத்தார். விண்ணப்ப எண் வந்ததும் அந்தப் பெண் அதைக் கடை பில்லின் பின்பக்கம் எழுதி அப்பா சட்டைப் பையில் வைத்தாள்.

மார்ச் 24, ஞாயிறு

வீட்டிலிருந்தே தபால் ஓட்டுப் போட விரும்பும் முதியவர்களும் மாற்றுத்திறனாளிகளும் படிவம் 12D கொடுக்க நாளை கடைசி. இதில் ஒரு மாற்றம் வந்திருப்பது பலருக்குத் தெரியவில்லை. 2021-ல் எண்பது வயதுக்கு மேல் என்று இருந்தது, இப்போது எண்பத்தைந்து. எங்கள் தெருக்கோடி தாத்தாவுக்கு எண்பத்து நான்கு. போன முறை அலுவலர்கள் பெட்டியோடு வீட்டுக்கு வந்ததை இன்னமும் பெருமையாகச் சொல்பவர். இந்த முறை கிடையாது தாத்தா என்று எப்படிச் சொல்வது! சொன்னேன். சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அப்ப நான் வரேன். காலையில வெயிலுக்கு முன்னாடி கூட்டிட்டுப் போயிடு" என்றார்.

ஆட்டோ ஏற்பாடு பற்றிக் குழுவில் நீண்ட வாக்குவாதம். வேட்பாளர் தரப்பு வண்டி வைத்து வாக்காளர்களை ஏற்றிப் போவது சட்டப்படி முறைகேடு. நாம் வேட்பாளர் தரப்பு இல்லைதான், ஆனால் வாசலில் நிற்கும் ஆட்டோவைப் பார்ப்பவருக்கு அது எப்படித் தெரியும்? பொது ஆட்டோ வேண்டாம், அவரவர் பக்கத்து வீட்டுப் பெரியவரை அவரவர் அழைத்துப் போவது என்று முடிந்தது.

ஏப்ரல் 7, ஞாயிறு

"எவ்ளோ தருவீங்க?" ஒரு வீட்டில் கேட்டுவிட்டார்கள். கேட்டவரின் மீது எனக்குக் கோபம் இல்லை. நாம் கொடுக்க வந்தவர்கள் இல்லை என்று சொல்லிப் பெயரைச் சரிபார்த்துக் கொடுத்தேன். ஆனால் பணத்தின் விலையை எல்லாரும் தெரிந்துகொள்ள வேண்டும். 2019-ல் வேலூரில் பணப் பட்டுவாடா புகாரில் தேர்தலையே நிறுத்தினார்கள், ஆகஸ்டில்தான் நடந்தது. வாங்காதவர்களும் சேர்ந்துதான் காத்திருந்தார்கள்.

ஏப்ரல் 14, ஞாயிறு

புத்தாண்டு. பாயசம் வைத்துவிட்டுக் கிளம்பினேன். பூத் சிலிப் வராத வீடுகளுக்கு, வாக்காளர் பட்டியலில் அவரவர் பெயர் இருக்கும் பாகம் எண், வரிசை எண், பள்ளியின் பெயர், அறை எல்லாம் துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுக்கிறோம். நாங்கள் அச்சடிப்பதில்லை, அவரவர் கையெழுத்தில். தேர்தல் வெள்ளிக்கிழமை வருகிறது. சனி, ஞாயிறு சேர்ந்து மூன்று நாள் விடுமுறை. ஏற்காடு, புதுச்சேரி என்று புக் செய்தவர்கள் இருக்கிறார்கள். போட்டுவிட்டுப் போங்கள், காலை ஏழுக்கே ஆரம்பம் என்று கெஞ்சாத குறை.

ஏப்ரல் 19, வெள்ளி

இரவு பதினொன்று. கால் வீங்கியிருக்கிறது. ஆனாலும் இன்றே எழுதிவிட வேண்டும்.

காலை ஆறே முக்காலுக்குத் தாத்தாவோடு வாசலில் நின்றேன். வேட்டி, இஸ்திரி போட்ட சட்டை, சட்டைப் பையில் அட்டையும் துண்டுச் சீட்டும். முன்னால் நின்றவர்கள் தாங்களாகவே வழிவிட்டார்கள். அவர் கை நடுங்கியது. மை வைக்கும் பெண் இடது ஆள்காட்டி விரலைப் பிடித்து, நடுக்கம் நிற்கும்வரை விடாமல் காத்திருந்து, நகத்தின் நுனியிலிருந்து முதல் கணுவரை ஒரு கோடு இழுத்தார். மறைப்புக்குப் பின்னால் அவர் போனதும் வெகு நேரம் சத்தமே இல்லை. பிறகு அந்த நீளமான பீப். வெளியே வந்து, "யாருக்குப் போட்டேன்னு காட்டுற சீட்டு தெரிஞ்சுதும்மா, ஏழு செகண்டுன்னாங்க, நல்லாவே தெரிஞ்சுது" என்றார். அடுத்து நானும் போட்டேன்.

பிறகு நாள் முழுவதும் நூறு மீட்டர் கோட்டுக்கு வெளியே, ஒரு புங்க மரத்தடியில். செல்போனிலும் அச்சுப் பட்டியலிலும் தேடித் தேடிப் பெயர் பார்த்துச் சொன்னோம். அட்டை இருக்கிறது, பெயர் இல்லை என்று திரும்பியவர்கள் நான் எண்ணியவரை இருபத்து மூன்று பேர். ஒரு தம்பதி, கைக்குழந்தையோடு வந்தவர்கள், பட்டியலை என் கையிலிருந்து வாங்கி மறுபடி மறுபடி பார்த்தார்கள். பெயர் இருக்கிற பக்கம் தவறிப்போயிருக்கும் என்பதுபோல. அவர்களிடம் சொல்ல என்னிடம் ஒன்றுமே இல்லை. இன்றைக்கு எந்தப் படிவமும் உதவாது.

ஒருவருக்கு மட்டும் வழி கிடைத்தது. பெயர் பட்டியலில் இருந்தது, ஆனால் வராதவர், குடிபெயர்ந்தவர், இறந்தவர் என்று வாக்குச்சாவடியில் தனியாக ஒரு பட்டியல் வைத்திருப்பார்கள், அதிலும் இருந்தது. ஏஜென்ட் ஆட்சேபித்ததும் அவர் திரும்பி வந்துவிட்டார். அந்தப் பட்டியலில் இருப்பதாலேயே ஓட்டு போய்விடாது, அடையாளத்தை நன்றாகச் சரிபார்த்து அனுமதிக்க வேண்டும் என்று டீச்சர் சொல்லி மறுபடி அனுப்பினார். கால் மணி நேரத்தில் விரலை உயர்த்திக் காட்டிக்கொண்டே வந்தார்.

மதியம் வெயிலில் வரிசை வற்றிப்போனது. நாலு மணிக்கு மேல் மீண்டும் கூட்டம். டெய்லர் மகள் ஐந்து மணிக்கு அப்பாவோடு வந்தாள். ஆறு அடித்ததும் வரிசையில் நின்றவர்களுக்கு டோக்கன் கொடுத்தார்கள். கடைசி ஆளுக்கு முதல் எண், அங்கிருந்து முன்னோக்கி. பின்னால் புதிதாக யாரும் வந்து நிற்க முடியாது, நின்றவர் யாரும் விடுபடவும் மாட்டார்கள்.

இரவு செய்தி: தமிழ்நாட்டில் 72.09 விழுக்காடு. எங்கள் தென் சென்னைத் தொகுதியில் 67-க்கு மேல்! தொலைபேசியில் டீச்சர் அழுதுவிட்டார்.

ஏப்ரல் 20, சனி

கணக்கு மாறிவிட்டது. மாநிலம் 69.46. தென் சென்னை 54 விழுக்காட்டை ஒட்டி. மத்திய சென்னையும் அப்படித்தான். தர்மபுரியில் 81.

காலையிலிருந்து சமையலறையில் ஒன்றும் ஓடவில்லை. தொலைக்காட்சியில் மறுபடியும் அதே பேச்சு, படித்தவர்கள், அலட்சியம், நீண்ட விடுமுறை. விடுமுறைக்குப் போனவர்கள் உண்டு, நானே பார்த்தேன், அவர்களை நியாயப்படுத்த மாட்டேன். ஆனால் எங்கள் சோழிங்கநல்லூர் சட்டமன்றத் தொகுதிப் பட்டியலில் மட்டும் 6 லட்சத்துக்கு மேல் பெயர்கள். வீடு மாறிப் போனவர்கள், இரண்டு இடத்தில் பெயர் உள்ளவர்கள், இறந்துபோனவர்கள் அதில் எத்தனை பேர்? அவர்கள் எல்லாரும் வராதவர்கள் கணக்கில் சேர்கிறார்கள். அந்த இருபத்து மூன்று பேர் வந்தார்கள், வரிசையில் நின்றார்கள், எந்தக் கணக்கிலும் இல்லை. வாடகை வீட்டில் வாழ்கிறவர்களின் நகரம் இது. பதினோரு மாத ஒப்பந்தம் முடிந்தால் முகவரி மாறும். பட்டியல் அந்த வேகத்துக்கு நகர்வதில்லை. நாங்களும் பிப்ரவரி கடைசியில் தொடங்கியது தப்பு. மூன்று ஞாயிற்றுக்கிழமைதான் கிடைத்தது.

டீச்சரிடம் இதைச் சொன்னேன். "அப்ப அடுத்த தேர்தலுக்கு இப்பவே ஆரம்பிக்கணும்" என்றார்.

ஜூன் 9, ஞாயிறு

முடிவுகள் வந்து ஐந்து நாள். நடத்தை விதிகள் விலகிவிட்டன. படிவம் 8 ஐம்பது நகல் எடுத்துக்கொண்டு பெரும்பாக்கம் போனோம். அதே பிளாக், அதே படிக்கட்டு.

சிந்தாதிரிப்பேட்டை அம்மா தானாகவே வந்தார். அன்று நாலரை மணிக்குக் கிளம்பிப் போய்ப் போட்டுவிட்டு வந்தாராம். பழைய தெருக்காரர்கள் நாலைந்து பேரை வரிசையில் பார்த்தாராம், டீ குடித்தார்களாம். அதைச் சொல்லி முடித்துவிட்டு, கீழே உட்கார்ந்து, ஒரு படிவம் கேட்டார்.

"இங்க தண்ணி வரலன்னா அங்க போட்ட ஓட்ட வெச்சி இங்க யார கேக்கறது? எழுதுக்கா."

நான் கேட்கக் கேட்க விவரம் சொன்னார். பழைய முகவரியைப் பற்றிப் பேச்சு வந்தபோது பேனாவை என்னிடமிருந்து வாங்கிக்கொண்டார். குடிசைக்கு எண் இருந்திருக்கிறது. அதை ஒரு தனித் தாளில் அவரே எழுதினார், தெருப் பெயரோடு, மெதுவாக, ஒவ்வொரு எழுத்தாக. எழுதி முடித்ததும் செல்போனில் அந்தத் தாளை ஒரு போட்டோ எடுத்துத் தரச் சொன்னார். அப்புறம் படிவத்தில் புதிய முகவரிக் கட்டத்தைக் காட்டி, "இத்த நீயே எழுதிக்கோ" என்று பேனாவைத் திருப்பிக் கொடுத்தார்.