ஐந்தாம் வகுப்பிலும் எழுத்துக் கூட்டத் தடுமாறும் பிள்ளைக்கு ஊர் என்ன செய்யலாம்?

தமிழ்ப் புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு, படத்தைப் பார்த்தே பாடத்தை மளமளவென்று சொல்லிவிடும் சில பிள்ளைகள் உண்டு. கேட்பவர்களுக்கு வாசிப்பது போலவே இருக்கும். நடு வரியில் ஒரு சொல்லின் மேல் விரல் வைத்து "இது என்ன?" என்று கேட்டால் பேச்சு நின்றுவிடும். அதுவரை ஓடியது மனப்பாடம். இந்தப் பிள்ளைக்கு டியூஷன் வைத்து ஐந்தாம் வகுப்புப் பாடத்தையே திரும்ப நடத்திப் பயனில்லை. ஓராசிரியரே இரண்டு மூன்று வகுப்புகளைச் சேர்த்துப் பார்க்கும் பள்ளியில், இதற்கெனத் தனியாக உட்கார அவருக்கு நேரமும் கிடைக்காது. மாலையில் ஒன்றரை மணி நேரம் ஊர்தான் தர வேண்டும்.

கொரோனாவால் பள்ளிகள் மூடிக் கிடந்த பிறகு, 2021 அக்டோபரில் தொடங்கிய இல்லம் தேடிக் கல்வித் திட்டம் இதற்கு ஓர் அளவு காட்டியது: ஒரு தன்னார்வலர், சுமார் 20 பிள்ளைகள், மாலை 5 முதல் 7 மணிக்குள் ஒன்றரை மணி நேரம். ஊரே நடத்தும் மையத்துக்கும் இந்த அளவு பொருந்தும். ஆனால் இருபதுக்கு ஒருவர் என்பது வாசிப்பு வராத பிள்ளைகளுக்குப் போதாது, இரண்டு பேராவது வேண்டும்.

முதல் வேலை, யார் எங்கே நிற்கிறார்கள் என்று பார்ப்பது. நான்கு தாள்கள் போதும்: எழுத்துகள், இரண்டு மூன்றெழுத்துச் சொற்கள், நான்கு வரிப் பத்தி, பத்து வரிக் கதை. ஒவ்வொரு பிள்ளையையும் தனியாக உட்கார வைத்துப் பத்தியில் தொடங்குங்கள். சரளமாக வந்தால் கதை, திணறினால் சொற்கள். ஐந்து சொற்களில் நான்கு சரியாக வந்தால் சொல் நிலை, இல்லையென்றால் எழுத்து நிலை. மற்ற பிள்ளைகள் பார்க்க இதைச் செய்யக் கூடாது. பிறகு நிலை வாரியாகக் குழு பிரியுங்கள், வகுப்பு வாரியாக வேண்டாம்.

எழுத்து நிலைப் பிள்ளை எங்கே சிக்குகிறது என்று கிட்டத்தில் உட்கார்ந்து கவனிக்க வேண்டும். க, கா, கி எல்லாம் வரும். 'கொ' வந்ததும் "கெ... கா..." என்று பிரிந்துவிடும். காரணம் இருக்கிறது. கொம்பு முன்னால் நிற்கிறது, துணைக்கால் பின்னால் நிற்கிறது, ஒலியோ நடுவில் இருக்கும் எழுத்திலிருந்து தொடங்குகிறது. 247 எழுத்தையும் வரிசையாகத் திரும்ப ஒப்பிக்க வைத்தால் இந்தச் சிக்கல் தீராது. பழைய நாட்காட்டி அட்டையில் கொம்பு ஒன்று, கால் ஒன்று வெட்டி, க, த, ப, ம, ச அட்டைகளுக்கு இருபுறமும் மாற்றி மாற்றி வைக்கச் சொல்லுங்கள். கொடி, தொட்டி, மொட்டு என்று வீட்டில் புழங்கும் சொல்லாக இருக்கட்டும். வாரத்துக்கு ஒரு குறி, தினம் பத்து நிமிடம். கு, சு, து, மு என்று உகரம் ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு வடிவம் எடுப்பதால் அதற்கு மட்டும் இரண்டு வாரம் ஒதுக்குங்கள்.

சில பிள்ளைகளுக்குச் சிக்கல் எழுத்தில் இருக்காது, கண்ணில் இருக்கும். தாளை மூக்கருகே கொண்டுபோனால் உடனே தலைமையாசிரியரிடம் சொல்லுங்கள். அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு இலவசமாகக் கண்ணாடி கிடைக்க வழி உண்டு.

இடம் தேர்வதில்தான் பல மையங்கள் முதலிலேயே தோற்கின்றன. கோயில் மண்டபத்தில் விளக்கு, மின்விசிறி எல்லாம் இருக்கும். ஆனால் காலனிப் பிள்ளை அந்தப் படி ஏறத் தயங்கும் ஊரில், யாருக்காக மையம் வைத்தோமோ அவர்களே வரமாட்டார்கள். எல்லாத் தெருவும் உரிமையோடு வந்துபோகும் இடம் வேண்டும்: ஊர்ப்புற நூலகம், பள்ளித் தாழ்வாரம், அங்கன்வாடி. இருட்டிய பிறகு பெண்பிள்ளைகளை வீடுவரை கொண்டுபோய் விட ஒருவர் பொறுப்பேற்க வேண்டும். இது இல்லையென்றால் மழைக்காலத்தில் பாதிப் பேர் நின்றுவிடுவார்கள்.

பசியோடு எழுத்து ஏறாது. ஒரு கிலோ கொண்டைக்கடலையை முதல் நாள் இரவே ஊறவைத்தால் 25 பிள்ளைகளுக்குக் கையளவு சுண்டல் ஆகும். நாளுக்கு ஒரு வீடு என்று முறை வைத்தால் யாருக்கும் சுமையில்லை.

கல்லூரி மாணவர்களை மட்டும் நம்பினால் செமஸ்டர் தேர்வு வரும்போது மையம் பூட்டிக் கிடக்கும். ஊரோடு இருக்கும் பட்டதாரிப் பெண்கள், பன்னிரண்டாம் வகுப்பு முடித்த அம்மாக்கள் என்று ஆறு பேராவது இருக்கட்டும். ஒரு குழுவுக்கு எப்போதும் அதே இரண்டு மூன்று முகங்கள் வர வேண்டும், ஆள் மாறினால் பிள்ளை மறுபடி 'அ'விலிருந்து தொடங்கும். "நாளைக்கு டெஸ்ட், அதைப் படிக்க வைங்க" என்று பெற்றோர் கேட்பார்கள். அது நியாயமான கவலைதான். முதல் ஒரு மணி நேரம் வாசிப்பு, கடைசி அரை மணி வீட்டுப்பாடம் என்று பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்திலேயே பேசி முடிவு செய்துவிடுங்கள். 2009 கல்வி உரிமைச் சட்டப்படி அந்தக் குழுவில் முக்கால் பங்கு பெற்றோர், பாதிப் பேர் பெண்கள். அங்கே எடுத்த முடிவுக்கு ஊரில் மதிப்பு உண்டு.

ஒரு பிள்ளை இரண்டு நாள் வரவில்லையென்றால் அன்று மாலையே வீட்டுக்குப் போய்ப் பாருங்கள். தம்பியைத் தூக்கி வைத்திருக்கும், அல்லது அப்பா அம்மா செங்கல் சூளைக்குக் கிளம்பும் ஏற்பாடு நடந்துகொண்டிருக்கும். தம்பியையும் கூட்டி வரச் சொல்லலாம். சூளைக்குப் போகும் குடும்பமென்றால், பிள்ளையைப் பாட்டியிடம் விட்டுப் போகச் சொல்லி, ராத்திரிச் சோற்றுக்கு இரண்டு வீடுகள் பொறுப்பேற்றால் படிப்பு அறுபடாது.

எட்டாவது வாரம் வேறு சொற்கள், வேறு கதையோடு அதே நான்கு தாள் சோதனையை நடத்துங்கள். கதைத் தாளைத் தாண்டிய பிள்ளையை "உனக்குத்தான் வந்துடுச்சே" என்று அனுப்பிவிடாதீர்கள். நூலக உறுப்பினர் அட்டை எடுத்துக் கொடுங்கள். வாரம் ஒரு நாள், எழுத்து நிலையில் இருக்கும் ஒரு சின்னப் பிள்ளைக்குத் தான் எடுத்து வந்த புத்தகத்தை அது வாசித்துக் காட்டட்டும்.