அப்பாவின் காரில் மலையேற்றம்

அப்பா ஓட்டிய பழைய கார்புரேட்டர் கார் சில வருடங்கள் ஷெட்டில் நின்றுவிட்டதா? அவர் ஞாபகமாக அதிலேயே மலைக்குப் போக ஆசைப்பட்டால், எடுத்த எடுப்பில் சாவியைத் திருகாதீர்கள். சிலிண்டருக்குள் துரு பிடித்து பிஸ்டன் ரிங் ஒட்டியிருக்கலாம். ஸ்டார்ட்டர் வெடுக்கென்று இழுத்தால் ரிங் உடையும். ஸ்பார்க் ப்ளக்குகளைக் கழற்றி, ஒவ்வொரு துளையிலும் ஒரு தேக்கரண்டி இன்ஜின் ஆயில் விட்டு இரவு முழுக்க ஊறவிடுங்கள். மறுநாள் நியூட்ரலில் வைத்து, கிராங்க் (இன்ஜினின் முதன்மைத் தண்டு) புல்லி போல்ட்டில் ஸ்பானர் போட்டுக் கையாலேயே இரண்டு முழுச் சுற்று. எங்காவது முட்டினால் முரட்டுத்தனம் வேண்டாம், இன்னும் ஊறட்டும்.

கழற்றிய ப்ளக்கை அவசரப்பட்டுத் துடைக்காதீர்கள். அப்பா கடைசியாக வண்டியை எந்த நிலையில் வைத்திருந்தார் என்பது அதன் முனையில் தெரியும். வெளிர் பழுப்பு என்றால் மனிதர் டியூனிங்கில் கில்லாடி. உலர்ந்த கரி என்றால் பெட்ரோல் கூடுதல். சோக்கை (குளிர்ந்த இன்ஜினுக்குப் பெட்ரோலைக் கூட்டித் தரும் குமிழ்) உள்ளே தள்ள மறந்து உற்சாகமாக ஓட்டியிருப்பார். எண்ணெய்ப் பிசுக்கு என்றால் ரிங்கோ வால்வு கைடோ தேய்ந்திருக்கிறது, கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் அழுத்தம்) பார்க்காமல் மலைக்குப் போகக் கூடாது. ப்ளக்குகளுக்கு மின்சாரத்தைப் பங்கிடும் டிஸ்ட்ரிபியூட்டர் அடியில் அவர் பெயின்டில் கோடு போட்டு வைத்திருந்தால், அது அவர் வைத்த டைமிங், அதாவது ப்ளக்கில் பொறி விழும் நேரம். ஆனால் அவர் வைத்த பாயிண்ட் (டிஸ்ட்ரிபியூட்டருக்குள் திறந்து மூடும் தொடுமுனை) இடைவெளிக்குத்தான் அந்தக் கோடு பொருந்தும். நாலு சிலிண்டர் வண்டிகள் பலவற்றில் அது சுமார் 0.4 மி.மீ. முதலில் பாயிண்ட், பிறகு டைமிங்.

பழைய பெட்ரோல் வார்னிஷ் வாடை அடிக்கும், முழுக்க வடித்துவிடுங்கள். பெட்ரோல் ஹோஸ்களை யோசிக்காமல் மாற்றுங்கள். டயர் பக்கவாட்டில் உள்ள நாலு இலக்க எண்ணைப் பாருங்கள்: 2314 என்றால் 2014-இன் 23-வது வாரம். பட்டன் தேயாமல் இருந்தாலும் பத்து வயது டயர் மலைக்கு ஆகாது.

முதல் ஐம்பது கிலோமீட்டர் சமதளத்திலேயே ஓட்டி, வீல் நட், ஆயில் அளவு, கசிவு மூன்றையும் பாருங்கள். பிள்ளைகள் கூட வந்தால் அப்பாக்களின் பழைய விளையாட்டுக்கு இதுதான் நேரம். நீள ஸ்க்ரூடிரைவரின் பிடியைக் காதில் வைத்து, நுனியை இன்ஜின் தலைமேல் உள்ள ராக்கர் கவரில் அழுத்தினால் உள்ளே நடப்பதெல்லாம் கேட்கும். டாப்பெட் (வால்வைத் திறக்க உதவும் பாகம்) சத்தம் கிராங்க் வேகத்தில் பாதிதான் வரும். என்ன சத்தம் என்று சரியாகச் சொல்பவருக்கு முன் சீட். ஃபேனுக்கும் பெல்ட்டுக்கும் பக்கத்தில் மட்டும் தலையோ துப்பட்டாவோ போகக் கூடாது.

ஏற்றத்தில் பழைய வண்டி நின்றுபோனால் எல்லாரும் பெட்ரோலைத்தான் சந்தேகிப்பார்கள். சூட்டில் பெட்ரோல் ஆவியாகிப் பம்ப் இழுக்காமல் போவது உண்மைதான். ஆனால் சூடேறினால் மட்டும் மக்கர் செய்யும் கண்டென்சரும் (பாயிண்டோடு இணைந்த சின்ன மின்தேக்கி) இதே நாடகத்தை ஆடும்: நிற்கும், அரை மணி ஆறினால் ஒன்றும் தெரியாததுபோல் ஓடும். அதனால் ஆறும் முன்பே பாருங்கள். ஒரு ப்ளக் வயரில் உபரி ப்ளக்கைச் சொருகி, அதன் உலோகப் பகுதியை, பெட்ரோல் பக்கத்தில் இல்லாத இடத்தில், இன்ஜினில் படும்படி வைத்து ஸ்டார்ட்டரை அடிக்கச் சொல்லுங்கள். பொறி நீலமாகப் பளிச்சென்று வந்தால் பெட்ரோல்தான் கோளாறு. பெட்ரோல் பம்ப்மேல் ஈரத்துணி சுற்றிக் காத்திருங்கள். மஞ்சளாக நோஞ்சானாக வந்தால் முதலில் கண்டென்சரை மாற்றுங்கள். சின்னப் பாகம், ஒரே ஸ்க்ரூ. டிக்கியில் கண்டென்சர், பாயிண்ட், ரோட்டர் (டிஸ்ட்ரிபியூட்டருக்குள் சுழலும் பாகம்), ஃபேன் பெல்ட் இல்லாமல் கிளம்பவே வேண்டாம்.

இறக்கம்தான் நிஜமான பரீட்சை. பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். டாட் 3 என்ற தரத்தில் வரும் புது ஆயிலின் கொதிநிலை குறைந்தது 205 டிகிரி; ஈரம் ஏறினால் 140 வரை இறங்கிவிடும். வளைவுக்கு வளைவு மிதித்தபடி வந்தால் ஆயில் கொதித்து, பெடல் தரைவரை போகும். அதனால் கிளம்பும் முன்பே ஆயிலை மாற்றி, நாலு சக்கரத்தின் பிரேக்கிலும் ஆயிலுக்குள் சிக்கிய காற்றை எடுத்துவிடுங்கள். ஏற எந்த கியர் போட்டீர்களோ அதே கியரில் இறங்குங்கள். பெடல் மெத்தென்று தெரிந்தால் பம்ப் செய்து, கியரைக் குறைத்து, முதல் அகலமான இடத்தில் ஒதுக்குங்கள். சக்கரத்துக்குக் கல் வையுங்கள். டிரம்மில் தண்ணீர் ஊற்ற வேண்டாம், விரிசல் விடும். ஆறியதும் பெடல் பழையபடி கெட்டியாகத் தெரியலாம். அதை நம்பி மிச்ச இறக்கத்தை வேகமாக இறங்காதீர்கள். ஆயிலில் ஏறிய ஈரம் அப்படியேதான் இருக்கிறது.