இழுவை குறைந்த டூ ஸ்ட்ரோக் எஞ்சினைப் பிரிப்பதற்கு முன்

மதுரையைச் சுற்றி மண்பாதைகளில் என் கண்ணில் படும் டூ ஸ்ட்ரோக் வண்டிகளுள் பல, 1985 முதல் 1996 வரை தயாரான யமஹா ஆர்எக்ஸ் 100-ஐ வாங்கி, சஸ்பென்ஷனை உயர்த்தி, சைலன்சரை மேலே தூக்கி, பட்டன் டயர் மாட்டி உருவாக்கப்பட்டவை. அப்படிப்பட்ட வண்டி ஒன்று முன்போல் இழுக்கவில்லை என்று பட்டறைக்கு வந்ததும், எஞ்சினைத் தொட்டுப் பார்ப்பதற்கு முன்பே "போர் பண்ணிப் பிஸ்டன் மாத்திடலாம்" என்று சொல்லிவிடும் வழக்கம் எனக்குப் பெரும் வருத்தத்தைத் தருகிறது. 50 மில்லிமீட்டர் விட்டமுள்ள அந்தச் சிலிண்டரை ஒவ்வொரு முறையும் 0.25 மில்லிமீட்டர் வீதம் உட்புறம் கடைந்து, அதாவது போர் செய்து, பெரிதாக்கிக்கொண்டே போனால், நான்கு முறைக்குள் அதன் ஆயுள் முடிந்துவிடுகிறது. தேய்மானத்தின் காரணம் கண்டுபிடிக்கப்படாமல் போனால், புதிய பிஸ்டனும் பழையது போன வழியிலேயே போகிறது.

இழுவை எப்படிக் குறைந்தது என்பதை ஓட்டுபவரிடம் பொறுமையாகக் கேட்பதுதான் முதல் வேலை. எஞ்சின் சத்தம் ஏறியும் வேகம் ஏறவில்லை என்றால் அது கிளட்ச் வழுக்கல். வண்டியைத் தள்ளும்போதே கனமாக இருந்தால் பிரேக் ஷூ உரசுகிறது அல்லது செயின் அளவுக்கு மேல் இறுகியிருக்கிறது. சில கிலோமீட்டர் நன்றாக ஓடிப் பிறகு மூச்சடைத்து நின்று, சற்று நேரம் கழித்து மறுபடி ஓடினால், டேங்க் மூடியின் காற்றுத் துளை புழுதியால் அடைபட்டிருக்க வாய்ப்பு அதிகம். அடுத்த முறை நிற்கும்போது மூடியைத் திறந்து பார்த்தாலே தெரிந்துவிடும். குளிர்ந்த நிலையில் நன்றாக இழுத்து, சூடேறிய பின் மட்டும் தளர்ந்தால், தீப்பொறிக்கு மின்சாரம் தரும் மேக்னட் காயிலின் மின்தடையைக் குளிரிலும் சூட்டிலும் தனித்தனியாக அளந்து ஒப்பிட வேண்டும்.

இவை எதுவும் இல்லையென்றால், ஆக்ஸிலரேட்டரின் எந்த இடத்தில் தளர்ச்சி வருகிறது என்று பார்க்க வேண்டும். கைப்பிடியில் ஒரு துண்டு டேப் ஒட்டிக் கால், அரை, முக்கால் என்று கோடு போட்டுக்கொண்டால் ஊகத்துக்கு இடமில்லை. கார்புரேட்டரில் பெட்ரோல் வரும் சிறு துளைகளே ஜெட்டுகள்; தொடக்கத் திறப்பில் பைலட் ஜெட்டும், நடுவில் ஊசியும், முக்காலுக்கு மேல் மெயின் ஜெட்டும் பெட்ரோலின் அளவைத் தீர்மானிக்கின்றன. முழுத் திறப்பில் மட்டும் தளர்ந்தால் பைலட் ஜெட்டைச் சுத்தம் செய்து பயனில்லை.

நாகமலை அடிவாரத்துச் செம்மண்ணானாலும் திருமங்கலம் பக்கத்துக் கரிசலானாலும், காய்ந்த பின் எழும் புழுதி மிக நுண்ணியது. ஏர் ஃபில்டர் ஸ்பாஞ்ச் அடைபட்டால் கலவையில் பெட்ரோல் மிகுந்து வண்டி கனத்த குரலில் முனகும். கிழிந்திருந்தாலோ அதைவிட மோசம், ஏனெனில் டூ ஸ்ட்ரோக்கில் உள்ளே போகும் காற்று பிஸ்டனுக்குக் கீழுள்ள கிராங்க் அறை வழியாகவே சிலிண்டருக்குச் செல்வதால், புழுதி பேரிங்கையும் ரிங்கையும் ஒருசேர அரைக்கிறது. ஃபில்டருக்கும் கார்புரேட்டருக்கும் இடையிலுள்ள ரப்பர் குழாயினுள் விரலை விட்டுத் துடைத்துப் பாருங்கள். விரலில் மண் ஒட்டினால் ரிங் தேய்ந்ததற்கான காரணம் அங்கேயே இருக்கிறது.

வெளியேறும் வழியையும் மறக்கக்கூடாது. டூ ஸ்ட்ரோக்கில் சைலன்சர் என்பது சத்தத்தை அடக்கும் குழாய் மட்டுமன்று. அதிலிருந்து திரும்பி வரும் அழுத்த அலைதான், வெளியே தப்பப் பார்க்கும் புதுக் கலவையைச் சிலிண்டருக்குள் மீண்டும் தள்ளுகிறது. கிழக்கு ஜெர்மனியின் எம்இசட் நிறுவனத்தில் வால்டர் காடன் 1950-களில் இந்த அலையை ஆராய்ந்து வடிவமைத்த குழாய்களே இன்றைய டர்ட் பைக்குகளின் வயிறு பெருத்த குழாய்களுக்கு முன்னோடி. ஆகவே பாறையில் மோதி நசுங்கிய குழாயும், உள்ளே கரி படிந்த குழாயும் குதிரைத்திறனை நேரடியாகக் குறைக்கும். ஆர்எக்ஸ் 100-இல் உள் குழாயைக் கழற்றிக் கரியை எரித்து எடுப்பது நம் பட்டறைகள் நன்கறிந்த வேலை. காஸ்டிக் சோடாவில் ஊறவைப்பவர்கள் அதை அலுமினியப் பாகங்களின் அருகில் கொண்டுபோகக்கூடாது. அலுமினியத்தை அது அரித்துவிடும்.

இனி நான் மிகவும் வற்புறுத்த விரும்பும் சோதனைக்கு வருகிறேன். மேலூர்ப் பக்கத்துத் தம்பி ஒருவர், குறுகிய காலத்தில் இரண்டாவது பிஸ்டனும் உரசிப்போன வண்டியைக் கொண்டுவந்து, "அண்ணே, இதையும் போர் போட்டாத்தான் சரியாகும்ன்றாங்க" என்றார். ஸ்பார்க் பிளக்கின் பீங்கான், வறுத்த காப்பிக்கொட்டை நிறத்தில் இருப்பதற்குப் பதிலாகச் சுண்ணாம்பு வெள்ளையாக இருந்தது. ஆக்ஸிலரேட்டரை விட்ட பிறகும் எஞ்சின் வேகம் உடனே இறங்காமல் தொங்கியது. எங்கோ கசிவு வழியே திருட்டுக் காற்று நுழைந்து, கலவையில் பெட்ரோல் குறைந்து எஞ்சின் அளவுக்கு மேல் சூடாகிறது என்பதற்கு இவ்விரண்டும் தெளிவான அடையாளம்.

சைலன்சரைக் கழற்றி அந்த வாயைத் தகடும் சைக்கிள் ட்யூப் துண்டும் வைத்து இறுக்கினோம். கார்புரேட்டர் இருந்த இடத்தை ரப்பர் அடைப்பானால் மூடி, ஆயில் பம்பிலிருந்து வரும் சிறு குழாயையும் அடைத்து, பிஸ்டனைக் கீழே இறக்கி நிறுத்தினோம். இரத்த அழுத்தம் பார்க்கும் கருவியின் பம்பும் மீட்டரும் இந்த வேலைக்கு மிகப் பொருத்தமானவை. அதில் 300 என்ற அளவு ஏறத்தாழ 5.8 பிஎஸ்ஐ ஆகும், நமக்குத் தேவையானதும் 6 பிஎஸ்ஐ அளவே. அதற்கு மேல் ஏற்றினால் கிராங்க் தண்டைச் சுற்றிக் காற்றை அடைக்கும் ரப்பர் சீல் நல்லதாக இருந்தாலும் பிதுங்கிவிடும். கார்புரேட்டர் பக்கத்திலிருந்தே காற்றை ஏற்றுவது நல்லது, ஏனெனில் பிளக் துளை வழியாக ஏற்றினால், காற்றை உள்நோக்கி மட்டும் விடும் ரீட் வால்வு மூடிக்கொண்டு, அதற்கு வெளியே உள்ள மேனிஃபோல்டு ரப்பர் சோதனைக்கு உட்படாமல் தப்பிவிடும்.

நிமிடத்துக்கு 1 பிஎஸ்ஐக்கு மேல் இறங்கினால் கசிவு உண்டு என்று கொள்ளலாம். இந்த வண்டியில் முள் கண்ணெதிரே சரிந்தது. இணைப்புகளில் சோப்புத் தண்ணீர் தடவிப் பார்த்தபோது எங்கும் குமிழி இல்லை. மேக்னட்டைக் கழற்றியதும் இடப்பக்கக் கிராங்க் சீலைச் சுற்றி நுரை பொங்கியது. வலப்பக்கச் சீல் போயிருந்தால் அடையாளம் வேறு: கியர் ஆயில் உள்ளே இழுக்கப்பட்டு வெண்புகை அடங்காமல் வரும், ஆயில் அளவும் குறைந்துகொண்டே போகும். சீலை மாற்றி, அழுத்தம் நிற்பதை உறுதி செய்த பிறகே பிஸ்டன் வாங்கச் சொன்னேன். விலை குறைந்த அந்த ஒரு சீலைக் கவனிக்காததால் இரண்டு பிஸ்டன்கள் போயின.

காற்றுக் கசிவு இல்லாத எஞ்சினில்தான் ஜெட் மாற்றுவதற்குப் பொருள் உண்டு. 40 பாகை வெயிலில் இருக்கும் காற்றைவிட 20 பாகை விடியற்காற்று ஏறத்தாழ 7 விழுக்காடு அடர்த்தியானது; எனவே சித்திரையில் சரியாக அமைத்த ஜெட் மார்கழி அதிகாலையில் போதாமல் போகலாம். கொடைக்கானலில், ஏறத்தாழ 2,100 மீட்டர் உயரத்தில், காற்றின் அடர்த்தி ஐந்தில் ஒரு பங்கு குறைவதால், அதே ஜெட்டில் பெட்ரோல் மிகுந்து வண்டி திணறும். அது எஞ்சினின் குற்றமன்று. 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோலுக்கு அதே காற்றில் சற்று அதிக எரிபொருள் தேவைப்படுவதால், பழைய கார்புரேட்டர் வண்டிகளில் மெயின் ஜெட்டை ஓர் அளவு உயர்த்திப் பிளக்கைப் பார்ப்பது தகும். பாதுகாப்புக்கென்று டூ ஸ்ட்ரோக்குக்கான 2டி ஆயிலைப் பெட்ரோலில் கூடுதலாக ஊற்றுபவர்களும் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: ஆயில் கூடும் அளவுக்கு ஜெட் வழியே போகும் பெட்ரோல் குறைகிறது.

பிளக்கைப் பார்க்கும் முறையும் முக்கியம். ஆளில்லாத நேர்ப்பாதையில் முழுத் திறப்பில் ஓட்டி, அப்படியே சாவியை அணைத்துக் கிளட்சைப் பிடித்து உருண்டு நின்று கழற்றிய பிளக்தான் உண்மை சொல்லும். மெதுவாக வீடு வந்து கழற்றிய பிளக் பைலட் ஜெட்டின் நிறத்தையே காட்டும். பீங்கானில் மின்னும் அலுமினியத் துகள்கள் தெரிந்தால் பிஸ்டன் உருகத் தொடங்கிவிட்டது என்று பொருள். அந்த வண்டியை அதன்பின் உதைக்காமல் தள்ளிக்கொண்டு வர வேண்டும்.