க்யூஎமு மூன்றாம் இரவுதான் வாய் திறந்தது

நேற்றிரவு ஒன்றரை மணிக்கு, எமுலேட்டரில் ஏற்றிய லினக்ஸின் லொகின் வரி திரையில் வந்தது. கத்த முடியவில்லை, பக்கத்து அறையில் அம்மா. ஏற்கெனவே இரண்டு தரம் "லைற்றை நூத்துப்போட்டுப் படு" என்று சொல்லியாயிற்று.

திருகோணமலை உப்புவெளியில் வீடு. தண்ணீர்த் தாங்கியின் மட்டம் பார்க்கப் பூட்டியிருந்த சின்னக் கணினிப் போர்டின் பின்கள் உப்புக்காற்றில் பச்சை பிடித்துவிட்டன. புதுசு கொழும்பு புறக்கோட்டையிலிருந்து வரவேண்டும். அதுவரை மென்பொருளையாவது ஓட்டிப் பார்ப்போம் என்று க்யூஎமுவில், அதாவது வேறொரு இயந்திரத்தைக் கணினிக்குள்ளேயே போலியாக ஓட்டும் எமுலேட்டரில், வெர்சடைல்-பிபி என்ற ஏஆர்எம் போர்டை எடுத்து, பில்ட்ரூட்டில் (சின்னப் போர்டுகளுக்கு லினக்ஸ் கட்டித்தரும் கருவி) கட்டிய லினக்ஸை ஏற்றினேன். இந்த இயந்திரத்துக்கென்றே பில்ட்ரூட்டில் டெஃப்கொன்ஃபிக் என்ற ஆயத்த அமைப்புக் கோப்பு ஒன்று இருக்கிறது. நான் அதைத் தொடவில்லை. பழைய போர்டுக்கு நானே போட்ட கொன்ஃபிக்கில் சிபியூவை ஏஆர்எம்926 ஆக்கி, கேர்னலை (லினக்ஸின் மையக்கரு) மாற்றி, மிச்சத்தை அப்படியே விட்டேன். மண்டைக்கனம்தான்.

முதலில் 512 எம்பி நினைவகம் கொடுத்தேன், 256க்கு மேல் ஆகாது என்று க்யூஎமு திட்டியது. பிறகு டிடிபி கோப்பு (போர்டில் என்னென்ன வன்பொருள் என்று கேர்னலுக்குச் சொல்வது) கொடுக்க மறந்திருந்தேன். இரண்டையும் திருத்திய பிறகும் திரை கறுப்பு, ஓர் எழுத்துகூட இல்லை. கேர்னல்தான் செத்துவிட்டது என்று முடிவுகட்டி இரண்டு தரம் முழுசாகத் திரும்பக் கட்டினேன். அதில் ஒரு தரம் பாதியில் கரண்ட் போனது.

மூன்றாம் இரவுதான் ஜிடிபி ஞாபகம் வந்தது, ஓடும் நிரலை நிறுத்தி உள்ளே பார்க்கும் கருவி. மைனஸ் எஸ் போட்டு 1234ஆம் போர்ட்டில் ஒட்டி, ஓட்டத்தை நிறுத்திப் பார்த்தால் கேர்னல், வேலையில்லாதபோது சும்மா இருக்கும் ஐடில் ஃபங்ஷனுக்குள் சொகுசாக உட்கார்ந்திருக்கிறது. சாகவே இல்லை! கேர்னல் தன் செய்திகளைச் சேர்த்துவைக்கும் லொக் பஃபரின் நினைவகத்தைக் கோப்பில் கொட்டி, எழுத்துகளை மட்டும் பிரித்தெடுக்கும் ஸ்ட்ரிங்ஸை ஓட்டினேன். பூட் செய்திகள் அத்தனையும் உள்ளே. நடுவில் "கொன்சோல்=டிடிஒய்எஸ்0", அதாவது செய்திகளை எஸ்0 என்ற சீரியல் போர்ட்டுக்கு அனுப்பு என்ற கட்டளை, கொஞ்சம் கீழே, தொடக்கக் கொன்சோலைத் திறக்க முடியவில்லை என்ற எச்சரிக்கை. வெர்சடைலில் இருப்பது பிஎல்011 யுஆர்ட் (சீரியல் போர்ட் சிப்), அதற்கு லினக்ஸில் பெயர் டிடிஒய்-ஏஎம்ஏ0. இவ்வளவு நாளும் கேர்னல் இல்லாத வாசலில் நின்று பேசிக்கொண்டிருந்திருக்கிறது.

மாற்றியதும் செய்திகள் கொட்டின. ஆனால் லொகின் மட்டும் காணோம். லொகின் வரியைக் காட்டும் கெட்டி என்ற நிரலும் பழைய கொன்ஃபிக்கிலிருந்து அதே எஸ்0-வைப் பிடித்துக்கொண்டிருந்தது. அதையும் மாற்றிய பிறகுதான் அந்த ஒன்றரை மணி.

தண்ணீர் மட்டம் பார்க்கும் சென்சர் எமுலேட்டரில் இல்லை. அதனால் மட்டம் படிக்கும் நிரலை இப்போதைக்கு ஒரு கோப்பிலிருந்து எண்களை வாசிக்க வைத்திருக்கிறேன். தாங்கி நிரம்பி வழியும் கட்டம் இன்னும் சோதிக்கவில்லை. அதை முடிக்காமலேயே இன்று காலை ஃப்ரீஆர்டிஓஎஸ் என்ற சின்ன இயங்குதளத்தின் எம்பிஎஸ்2 போர்டுக்கான டெமோவைப் பிரித்துவைத்தேன், சிபியூ கோர்டெக்ஸ்-எம்3. நேரக் கணக்கை மட்டும் எமுலேட்டரை நம்பிச் செய்யமாட்டேன், அது நிஜப் போர்டில்தான்.

போர்டை பஸ்ஸில் போட்டுவிடுவதாகக் கடைக்காரர் சொல்லியிருக்கிறார். இந்தத் தரம் பின்களுக்கு வார்னிஷ் அடித்துவிட்டுத்தான் வெளியே வைப்பேன்.