இடியப்பப் பானையும் நியம்கிரி மலையும்

போன ஞாயிறு வெள்ளவத்தையில் இடியப்பம் அவிக்க ஒரு அலுமினியப் பானை வாங்கினேன். பழையதன் அடி நசுங்கி, அடுப்பில் வைத்தால் தாளம் போடும். "இது பாரமான சாமான் தம்பி, பத்து வருசம் கிடக்கும்" என்றார் கடைக்கார ஐயா.

கழுவும்போதுதான் ஒடிசாவின் நியம்கிரி மலை ஞாபகம் வந்தது. அலுமினியம் பாக்சைட் என்ற தாதுவிலிருந்து வருவது. அந்த மலை உச்சியில் பாக்சைட். அங்கே வாழும் டோங்ரியா கோண்டு பழங்குடி மக்களுக்கோ அது அவர்களின் தெய்வம் நியம்ராஜா இருக்கும் இடம். வேதாந்தா என்ற கம்பெனி அங்கே சுரங்கம் தோண்டப் பார்த்தது. 2013 ஏப்ரலில் இந்திய உச்ச நீதிமன்றம், கிராம சபைகளே சொல்லட்டும் என்றது. 12 ஊர்களில் கூட்டம், மாவட்ட நீதிபதி ஒருவர் பார்வையாளர். கம்பெனி ஆட்கள் ஓரிரண்டு ஊராவது தலையாட்டும் என்று நம்பியிருப்பார்கள். 12 ஊரும் வேண்டாம் என்றன. அடுத்த ஜனவரியில் மத்திய அரசும் அனுமதியை மறுத்தது.

எல்லா இடத்திலும் இப்படி நடப்பதில்லை. 2020 மே மாதம் ஆஸ்திரேலியாவின் ஜூக்கன் பள்ளத்தாக்கில், 46,000 ஆண்டுகளுக்கு முன்பே மனிதர் தங்கிய குகைகளை இரும்புத்தாதுக்காக ரியோ டின்டோ என்ற சுரங்கக் கம்பெனி வெடிவைத்துத் தகர்த்தது. கையில் சட்டப்படி அனுமதி இருந்ததாம்! பூர்வகுடி உரிமையாளர்கள் மன்றாடியும் வெடி நிற்கவில்லை. பிறகு தலைமை அதிகாரி பதவி விலகினார், சரி. குகை?