குளிக்காத இன்ஸ்பெக்டர்

"அடப்பாவி, பிணத்தைப் பார்த்துட்டு வந்தவன் குளிக்காம சாப்பிட உட்கார்றானே!"

இங்கிலாந்தில், ரெடிங்கில் எங்கள் வீட்டு சோபாவில் சம்மணமிட்டிருந்த அம்மா போட்ட சத்தத்தில் கையிலிருந்த டீ சிந்திவிட்டது. டிவியில் 'மிட்சமர் மர்டர்ஸ்' ஓடிக்கொண்டிருந்தது. ஐடிவியில் 1997இல் தொடங்கிய தொடர். டாம் பார்னபி என்ற போலீஸ் அதிகாரி, மனைவி ஜாய்ஸ், நடிகையாகத் துடிக்கும் மகள் கல்லி. ஒரு எபிசோடுக்கு இரண்டு மூன்று கொலை விழும். அவர் பாட்டுக்குச் சாயந்தரம் வீட்டுக்கு வந்து, ஜாய்ஸ் சமைத்து வைத்த விபரீதத்தை விழுங்கப் பாடுபடுவார்.

நாலு மணிக்கே இருட்டிப்போன என் முதல் குளிர்காலத்தில் இவர்தான் பேச்சுத்துணை. கடைக்காரர் பேசுவது புரியாத நாளிலும் பார்னபி பேசுவது புரியும். ஆனாலும் அவர் குளிக்காதது எனக்கு ஒருநாளும் உறைக்கவில்லை. அதுதான் சுருக்கென்றது. நான் ஏட்டு மகள்.

அப்பா 'பாடி' பார்த்துவிட்டு வந்தால் முன்வாசல் பக்கமே வரமாட்டார். ராத்திரி இரண்டு மணியானாலும் கொல்லையில் சைக்கிள் நிற்கும் சத்தம், அப்புறம் ஒரு இருமல். அவ்வளவுதான். அம்மா ஒன்றும் கேட்காமல் கதவைத் திறந்து, துண்டையும் வேட்டியையும் துவைக்கிற கல்லில் வைத்துவிட்டுத் தள்ளி நிற்பாள். காக்கிச் சட்டைக்குத் தனி வாளி. படுத்தபடியே நான் குவளைகளை எண்ணுவேன். தண்ணீர் நின்றபாடில்லை என்றால் செத்தது சின்னப் பிள்ளை. யாரும் சொல்லித் தெரிந்ததில்லை.

பார்னபி சாவு வீட்டில் டீ வேறு குடிக்கிறார்! நம் பக்கம் அன்றைக்கு அடுப்பே எரியாது. இங்கே சாவுச் செய்தி சொன்ன கையோடு போலீஸ்காரர்களே கெட்டிலில் தண்ணீர் வைக்கிறார்கள். அம்மாவுக்கு இது கொலையைவிடப் பெரிய குற்றம்.

தொடரில் காஸ்டன் என்ற ஊராக வருகிற வாலிங்ஃபோர்டுக்கு அவளைக் கூட்டிப்போனேன். "இவ்வளவு துப்புரவான ஊர்ல எதுக்குக் கொலை பண்றாங்க?" என்றாள். 2011இல் டாமாக நடித்த ஜான் நெட்டில்ஸ் விலகி, டாமின் சித்தப்பா பெரியப்பா பிள்ளை மாதிரி இன்னொரு பார்னபி வந்துவிட்டார் என்றேன்.

"பங்காளியா? இவனாவது குளிக்கிறானா?"

அம்மா ஊருக்குப் போய்விட்டாள். நானும் இந்த ஊர்க்காரியாகி நாளாச்சு. அப்படித்தான் எல்லோரிடமும் சொல்லிக்கொள்கிறேன். போன டிசம்பரில் பக்கத்து வீட்டுத் தாத்தா போய்விட்டார். மூன்று வாரம் கழித்துத்தான் அடக்கம். அதுகூட இப்போது வித்தியாசமாகத் தெரிவதில்லை. கறுப்புக் கோட்டு போட்டுக்கொண்டு போனேன். சாண்ட்விச் சாப்பிட்டேன், டீ குடித்தேன், அந்தப் பாட்டியின் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

திரும்பி வந்து வாசல் பூட்டில் சாவியை நுழைத்ததும் கை திருப்ப மறுத்தது. குளியலறை மாடியில். ஹால் கம்பளத்தை மிதிக்காமல் போக வழியில்லை. வீட்டைச் சுற்றிப் பின்பக்கம் போய், குப்பைத் தொட்டிகளுக்குப் பக்கத்தில் நின்றேன். புல்லெல்லாம் உறைபனி. சமையலறையில் விளக்கு எரிந்தது, இவர் ஏதோ தேடிக்கொண்டிருந்தார். கதவைத் தட்டலாம், போனில் கூப்பிடலாம்.

இருமினேன்.