ஹார்மோன் தொடாத இரண்டு: தாடியும் குரலும்

ஹார்மோன் சிகிச்சை தொடங்கும் திருநங்கைகளில் பலர் முதலில் கேட்பது, "தாடி எப்போ நிக்கும்?" என்பதைத்தான். நிற்காது. தோல் மென்மையாவதும் மார்பு வளரத் தொடங்குவதும் 3 முதல் 6 மாதத்தில் தெரியும். மார்பு முழுதாக வளர 2, 3 வருடம் பிடிக்கும். உடம்பு முடி மெலியும். ஆனால் பருவ வயதில் முளைத்துவிட்ட தாடியும் தடித்துவிட்ட குரல்நாணும் ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோனுக்கு மசியாது. அன்றாடம் அலைக்கழிப்பவை இந்த இரண்டும்தான். அவசரத்தில் நாமே டோஸைக் கூட்டினால் தாடி போகாது, ரத்தம் உறையும் ஆபத்துதான் ஏறும்.

தாடியை எடுக்க லேசர், எலக்ட்ராலிசிஸ் என்று இரண்டு வழி. லேசர், முடியின் கறுப்பைப் பிடித்து வேரைச் சுடுகிறது. அதனால் நரைமுடியில் பலிக்காது. தோலில் இருக்கும் கறுப்பும் அந்தச் சூட்டை வாங்கும் என்பதால், மாநிறத்தவர்களும் கறுப்பு நிறத்தவர்களும் தோலின் கறுப்பைக் குறைவாகச் சூடாக்கும் 1064 நானோமீட்டர் என்டி-யாக் லேசர் இருக்கிறதா என்று கேட்டுவிட்டே உட்காருங்கள். கேட்கக் கூச்சப்பட்டால் முகம் வெந்து கருந்திட்டு விழலாம். வளரும் கட்டத்தில் இருக்கிற முடி மட்டுமே ஒரு தடவையில் சாகும், மீதி உறங்கிக்கொண்டிருக்கும். ஆகவே 4 முதல் 8 வார இடைவெளியில் பல தடவை போக வேண்டும். நடுவில் த்ரெடிங், வாக்ஸிங் வேண்டாம். வேரோடு பிடுங்கிவிட்டால் லேசர் சுட அங்கே ஒன்றும் இருக்காது. ஷேவ் செய்யலாம், முந்தின நாள் செய்துவிட்டும் போக வேண்டும். ஒன்றிரண்டு வாரத்தில் முடி மறுபடி வளர்கிற மாதிரி தெரியும். செத்த முடிதான் வெளியே வருகிறது, கலங்காதீர்கள்.

எலக்ட்ராலிசிஸ், அதாவது முடி வேரில் ஊசி விட்டு மின்சாரம் பாய்ச்சுவது, எந்த நிற முடியையும் நிரந்தரமாக எடுக்கும். ஒவ்வொரு முடிக்கும் தனித்தனியாக ஊசி என்பதால் முழுத் தாடிக்கு நூறு மணி நேரத்தைத் தாண்டலாம். வலியைவிடக் கொடுமை வேறொன்று: இடுக்கியில் பிடிபடும் அளவுக்கு முடி 2, 3 நாள் வளர்ந்திருக்க வேண்டும். பெண்ணாக வெளியே நடமாடத் தொடங்கிய பிறகு அந்த முள்முகத்தோடு வேலைக்குப் போவது மனதை நொறுக்கும். விடுமுறை முடியும் நாளில் நேரம் வாங்குங்கள், முகக்கவசம் கைகொடுக்கும். முடிந்தால் வெளிப்படையாக வாழத் தொடங்குவதற்கு முன்பே இதை ஆரம்பித்துவிடுங்கள்.

அதுவரை தாடி நிழலை மறைக்க ஃபவுண்டேஷன் மட்டும் போதாது. தாடி நிழலின் நீலம் அடியிலிருந்து சாம்பலாகத் தெரியும். ஷேவ் செய்து, தோல் அடங்கியதும் நீலத்தை அடக்கும் ஆரஞ்சு நிறக் கரெக்டர் க்ரீமை நிழல் விழும் இடத்தில் மட்டும் மெல்லிசாக ஒற்றி, அதற்கு மேல் ஃபவுண்டேஷன், பவுடர். கனமாகப் போட்டால் பேசப் பேச வாயோரம் வெடிக்கும்.

குரலில் நடக்கும் பெரிய தவறு, சுருதியை மட்டும் ஏற்றுவது. கீச்சுக்குரல்தான் மிஞ்சும். ஒலி நெஞ்சில் அதிராமல் வாயின் முன்பக்கம் ஒலிக்கப் பழகுவதே முக்கியம். தினம் பத்துப் பதினைந்து நிமிடம் போதும். போனில் பதிவு செய்து கேளுங்கள். தொண்டை வலித்தாலோ கரகரத்தாலோ அன்றைக்கு நிறுத்துங்கள். பேச்சு படிந்த பிறகும் இருமல், தும்மல், திடீர்ச் சிரிப்பு பழைய குரலில்தான் வரும், அவற்றையும் தனியாகப் பழக வேண்டும். முகம் தெரியாத போன் பேச்சுதான் கடைசியில் வசப்படும். எடுத்ததுமே, எதிராளி "சார்" என்று தொடங்குவதற்குள் உங்கள் பெயரைச் சொல்லிவிடுங்கள். பெயர் காதில் விழுந்தபின் பெரும்பாலானவர்கள் அதையொட்டியே பேசுவார்கள்.